மரியாதை மனிதருக்கா, காருக்கா?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது வழிவழியாக நாம் கேட்டுவரும் பழமொழி. ஆடையைக் கொண்டு ஆளை அளக்கும் உலக வழக்கத்தை அது நான்கே சொற்களில் சொல்லி முடித்துவிடுகிறது. ஆயினும் அப்பழமொழி, ஆளுக்கென்று பாதி இடமாவது ஒதுக்கி வைத்திருந்தது. இன்றைய சாலைகளோ அந்தப் பாதியையும் பறித்துக்கொண்டுவிட்டன.

காரினுள் அமர்ந்திருப்பவர் யார்? கற்றவரா, கல்லாதவரா? நோயுற்ற தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகனா, மணவிழாவுக்குச் செல்லும் செல்வரா? பின்னால் வருபவருக்கு இவற்றுள் ஒன்றும் தெரிவதில்லை. அவர் காண்பதெல்லாம் ஒரு வண்டியின் முதுகு மட்டுமே. அது பளபளப்பாக இருந்தால் ஒரு விதமாகவும், துருவேறி நசுங்கியிருந்தால் வேறு விதமாகவும் அவர் நடந்துகொள்கிறார். இது வெறும் ஊகமன்று. ஆய்வாளர்கள் சாலையில் இறங்கிச் சோதித்தறிந்த செய்தியாகும்.

பச்சை விளக்கு எரிந்த பின்னர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ, மென்லோ பார்க் என்று அடுத்தடுத்து இரு நகரங்கள் உள்ளன. 1966-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள சாலைச் சந்திப்புகளில் ஒரு கார், சிவப்பு விளக்கைக் கண்டு முதல் ஆளாக வந்து நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. கார் நகரவில்லை. பின்னால் நின்ற ஓட்டுநருக்கு வேறு வழியும் இல்லை. அவர் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறார், எப்பொழுது ஹாரனை அழுத்துகிறார் என்பதை ஒருவர் மறைவாகக் குறித்துக்கொண்டிருந்தார். பதினைந்து வினாடிகள் கழிந்ததும், அல்லது இரண்டு முறை ஹாரன் ஒலித்ததும், முன்னால் நின்ற கார் புறப்பட்டுச் சென்றது.

இச்சோதனையை நடத்தியவர்கள் அந்தோணி டூப், ஆலன் கிராஸ் என்னும் இரு உளவியல் ஆய்வாளர்கள். அவர்கள் இரண்டு வகையான கார்களைப் பயன்படுத்தினர். ஒன்று, கழுவித் துடைத்து மெருகேற்றிய, கறுப்பு நிறக் கிரைஸ்லர் இம்பீரியல். அந்நாளில் செல்வந்தர்கள் மட்டுமே வைத்திருந்த புத்தம் புதிய வண்டி. மற்றொன்று, துருப்பிடித்த பழைய போர்டு வண்டியும், எடுப்பற்ற ஒரு ராம்ப்ளர் காரும். சாலை அதே சாலை; விளக்கு அதே விளக்கு; தவறும் அதே தவறு. மாறியது வண்டி ஒன்றுதான்.

விளைவு என்ன தெரியுமா? பழைய காருக்குப் பின்னால் நின்றவர்களில் 84 சதவீதத்தினர் ஹாரன் அடித்தனர். பளபளக்கும் இம்பீரியலுக்குப் பின்னால் நின்றவர்களில் 50 சதவீதத்தினரே அடித்தனர். மீதிப் பாதிப் பேர் வாய் திறவாமல், கை அசைக்காமல், பணிவோடு காத்திருந்தனர். அதுமட்டுமன்று. பழைய காருக்குப் பின்னால் வந்த இருவர் ஹாரன் அடிக்கும் சிரமத்தைக்கூட மேற்கொள்ளவில்லை. நேராகத் தம் வண்டியை நகர்த்தி, முன்னால் நின்ற காரின் பம்பரில் முட்டிவிட்டனர்! 1968-இல் வெளியான இவ்வாய்வில் சோதிக்கப்பட்டோர் 70-க்குச் சற்று அதிகமானவர்களே. எண்ணிக்கை சிறிதாயினும், பிற்காலத்தில் உளவியல் நூல்கள் பலவும் இச்சோதனையை எடுத்துக்காட்டி வருகின்றன.

சொன்னது ஒன்று, செய்தது ஒன்று

அவ்விரு ஆய்வாளர்களும் அத்துடன் நின்றுவிடவில்லை. கல்லூரி மாணவர்களிடம் இதே நிகழ்ச்சியை எழுத்தில் கொடுத்து, “நீங்கள் அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று வினவினர். மாணவர்களுள் ஆண்கள், விலையுயர்ந்த காருக்குப் பின்னால் நின்றால்தான் இன்னும் விரைவாக ஹாரன் அடிப்போம் என்று விடையளித்தனர். சாலையில் நிகழ்ந்ததோ அதற்கு நேர் எதிர்.

வாசகர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். நம்முள் எவரைக் கேட்டாலும், “நான் பணக்காரனுக்குப் பயப்படுகிறவன் அல்லன், ஏழையை இகழ்கிறவனும் அல்லன்” என்றுதான் சொல்வோம். பொய்யாகச் சொல்லவில்லை, உண்மையென்று நம்பியே சொல்வோம். ஆனால், நம் கை நம் நாவுக்கு முன்னதாக முடிவெடுத்துவிடுகிறது. ஹாரனின் மீது வைத்த விரல், நம் உள்ளத்தில் நாமே அறியாமல் வைத்திருக்கும் தராசைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்நோயின் கொடுமையே அது இருப்பது நோயாளிக்குத் தெரியாமல் இருப்பதுதான்.

ஏன் இப்படி நேர்கிறது? முதற்காரணம் அச்சம். பெரிய காரில் செல்பவர் பெரிய மனிதராக இருக்கக்கூடும். அவருக்குக் காவல்துறையிலும் கச்சேரியிலும் ஆள் இருக்கக்கூடும். அவரிடம் வம்பு வைத்துக்கொள்வானேன் என்று மனம் கணக்கிடுகிறது. இரண்டாவது காரணம், செல்வத்தைத் தகுதி என்று எண்ணும் பழக்கம். “இவ்வளவு பெரிய வண்டி நிற்கிறதென்றால் ஏதேனும் காரணம் இருக்கும்” என்று நினைக்கிறோம். அதே இடத்தில் ஓட்டை வண்டி நின்றால், “ஓட்டத் தெரியாதவன்” என்று முடிவு கட்டுகிறோம். ஒரே தாமதம், ஒருவருக்கு அது காரணமாகிறது, மற்றவருக்கு அது குற்றமாகிறது.

வழி கிடைத்தவர் வழி விடுகிறாரா?

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்ப்போம். எல்லாரும் ஒதுங்கி வழிவிடும் அந்தப் பெரிய வண்டி, பிறருக்கு வழி விடுகிறதா?

2012-இல் பால் பிஃப் என்பவரும் அவருடைய உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வொன்று இதனைச் சோதித்தது. அதுவும் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நடைபெற்றது. நான்கு திசை வண்டிகளும் நின்று, வந்த வரிசைப்படி செல்ல வேண்டிய ஒரு சந்திப்பில் 274 வண்டிகளைக் கவனித்தனர். வண்டிகளை அவற்றின் தரத்தையும் தோற்றத்தையும் கொண்டு ஐந்து படிகளாகப் பிரித்தனர். தம் முறை வருமுன்னரே பிறரை முந்திக் குறுக்கே புகுந்தவர்கள் மொத்தத்தில் 12 சதவீதத்தினர். மேல்படியில் இருந்த வண்டிகளிலோ பத்துக்கு ஏறத்தாழ மூன்று வண்டிகள் அவ்வாறு புகுந்தன.

அடுத்து, பாதசாரிகள் கடப்பதற்கென்று வெள்ளைக் கோடுகள் இட்ட இடத்தில் ஒருவரை நிற்கச் செய்து, 152 வண்டிகளைக் கவனித்தனர். அத்தகைய இடத்தில் நடப்பவருக்காக வண்டி நின்றாக வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். மிகவும் மலிவான, அடிபட்ட வண்டிகளை ஓட்டியவர்கள் ஒருவர் விடாமல் நின்றனர். மிக உயர்ந்த வண்டிகளிலோ ஏறத்தாழப் பாதி நிற்காமலே சென்றுவிட்டன.

2020-இல் லாஸ் வேகாஸ் நகரிலிருந்து மற்றோர் ஆய்வு வெளியாயிற்று. அங்கே 461 கார்களுள் நடப்பவருக்காக நின்றவை 28 சதவீதமே. காரின் விலை ஆயிரம் டாலர் உயர உயர, நிற்பதற்கான வாய்ப்பு சுமார் 3 சதவீதம் வீதம் குறைந்து சென்றது.

இவையெல்லாம் அமெரிக்கச் சாலைகளின் கணக்குகள். செல்வர் அனைவரும் இரக்கமற்றவர் என்றோ, ஏழையர் அனைவரும் பண்பாளர் என்றோ இவற்றிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. பெரிய காரிலிருந்து இறங்கி வந்து, விழுந்து கிடப்பவரைத் தூக்கி விடும் செல்வரும் உண்டு. பெண்கள் சாலையைக் கடக்கும்போது வேண்டுமென்றே உறுமிக்கொண்டு செல்லும் பழைய மோட்டார் சைக்கிள்காரரும் உண்டு. எனினும், இவ்விரு வகை ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது. நாள்தோறும் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டால், வழி என்பது தனக்கே உரியது என்று ஒருவர் நம்பத் தொடங்குவதில் வியப்பென்ன? அவருடைய செருக்கில் அவர் பங்கு பாதி என்றால், அஞ்சி ஒதுங்கிய நம் பங்கும் பாதி இருக்கிறதல்லவா?

சிவப்பு விளக்கும் ஒட்டுவில்லையும்

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நெடுங்காலம் அதிகாரத்தின் அடையாளமாக இருந்தது விலையுயர்ந்த காரன்று. வெள்ளை நிற அம்பாசடர் கார். அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கும் சுழன்றால், சாலையே பிளந்து வழிவிட்டது. தகுதி உடையோர் மட்டுமின்றித் தகுதி இல்லாதோரும் அவ்விளக்கைப் பொருத்திக்கொண்டனர். 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம், அரசியலமைப்புப் பதவி வகிப்போர்க்கு மட்டுமே அது உரியதாகச் சுருக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2017 மே முதல் நாளிலிருந்து அமைச்சர்கள் உட்பட எல்லாருடைய வாகனங்களிலிருந்தும் அது அகற்றப்பட்டது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர ஊர்திகளுக்கே சுழல்விளக்கு என்றாயிற்று. அந்த அம்பாசடர் காரின் உற்பத்தியும் 2014-இலேயே நின்றுபோயிருந்தது.

விளக்குப் போயிற்று, வேட்கை போகவில்லை. பத்திரிகை, வழக்கறிஞர், காவல், தலைமைச் செயலகம் என்றெல்லாம் வண்டிக் கண்ணாடியில் ஒட்டுவில்லைகள் பெருகின. உரிமை உடையவர் ஒட்டினார். அவருடைய மைத்துனரும் ஒட்டினார். இதனைத் தடுக்க, அனுமதியின்றி இத்தகைய அடையாளங்களை ஒட்டியிருக்கும் வாகனங்கள்மீது 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவிக்க வேண்டியதாயிற்று. வண்டியைக் கொண்டுதான் நம்மை மதிப்பார்கள் என்னும் நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்நம்பிக்கையால் பெரிதும் அடிபட்ட ஒரு கார் உண்டு. மழையில் நனைந்தபடி ஒரே ஸ்கூட்டரில் கணவன், மனைவி, குழந்தைகள் எனச் செல்லும் குடும்பத்தைக் கண்டு, அவர்களுக்கும் எட்டும் விலையில் ஒரு கார் வேண்டும் என்று தொழிலதிபர் ரத்தன் டாடா எண்ணினார். 2008 ஜனவரியில் தில்லியில் ஒரு இலட்சம் ரூபாய்க் கார் என்று நானோ அறிமுகமாயிற்று. உலகமே வியந்தது. ஆனால், எவருக்காக அது செய்யப்பட்டதோ அவர்களே அதனை வாங்கத் தயங்கினர். தொழிற்சாலை இடமாற்றம், சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி ஆகிய காரணங்களும் உண்டு. ஆயினும், ‘மிக மலிவான கார்’ என்று பெயர் சூட்டி விற்றது தவறாகிவிட்டது என்பதைப் பின்னாளில் ரத்தன் டாடாவே ஒப்புக்கொண்டார். 2018 ஜூன் மாதத்தில் உற்பத்தியான நானோ ஒன்றே ஒன்று! மழைக்கு ஒதுங்க இடம் தந்த ஒரு வண்டியை, ‘ஏழையின் கார்’ என்று பிறர் நினைப்பரே என்னும் அச்சம் தோற்கடித்துவிட்டது. நனைந்தாலும் நனைவோம், நகைப்புக்கு ஆளாக மாட்டோம் என்று எண்ணினோம் போலும்.

கற்றுக்கொள்பவரிடம் காட்டும் கடுமை

கார் ஓட்டக் கற்றுக்கொள்வோர் வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தாக ‘எல்’ என்று எழுதி மாட்டுகிறார்கள். ‘நான் புதியவன், சற்றுப் பொறுத்தருளுங்கள்’ என்பது அதன் பொருள். நம் சாலைகளில் அதனைக் கண்டதும் பொறுமை பிறக்கிறதா? வண்டி ஒரு முறை நின்று உறுமினால் போதும், முன்னும் பின்னும் ஹாரன் முழங்குகிறது. ஓட்டுபவர் ஒரு பெண்ணாக இருந்துவிட்டாலோ ஏளனச் சிரிப்பும் சேர்ந்துகொள்கிறது. பதற்றமடைந்தவர் மேலும் தவறு செய்கிறார். அத்தவற்றுக்கு மேலும் ஓர் ஹாரன்.

ஜப்பான் நாட்டில் 1972-ஆம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக உரிமம் பெற்றவர் ஓராண்டுக் காலம் தம் காரில் பச்சையும் மஞ்சளும் கலந்த, இளந்தளிர் போன்ற ஓர் அடையாளத்தை ஒட்ட வேண்டும். அந்த அடையாளம் புதியவரை மட்டும் கட்டுப்படுத்துவதன்று. அதைத் தாங்கிய வண்டியை நெருக்குவதும், அதன் குறுக்கே புகுவதும் மற்ற ஓட்டுநர்களுக்குக் குற்றம் என்று அந்நாட்டுச் சட்டம் கூறுகிறது. எளியவருக்குப் பலகை மாட்டிவிட்டு, வலியவருக்குக் கடமை விதிக்கிறது அச்சட்டம். நாமோ பலகையையும் எளியவர் தலையில் மாட்டி, பழியையும் அவர் தலையிலேயே சுமத்துகிறோம்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் எல்லையை அமைதி மண்டலமாக அறிவிக்க விதி உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், தேவையின்றி ஹாரன் அடிப்பதற்கு முதல் முறை 1,000 ரூபாயும், மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஆனால் நம் விரலுக்கும் ஹாரனுக்கும் இடையில் எந்தக் காவலரை நிறுத்தி வைக்க முடியும்?

உயிர்க் கணக்கு

“ஓர் ஹாரன் ஒலியில் என்ன குறைந்துவிடப் போகிறது?” என்று எண்ணிவிடாதீர்கள். ஹாரன் என்பது அடையாளம். அதன் பின்னால் இருப்பது மனநிலை. ‘இவன் எளியவன், இவன் ஒதுங்குவான்’ என்னும் அந்த எண்ணம்தான் சைக்கிளை உரசிக்கொண்டு செல்கிறது, டி.வி.எஸ். வண்டியை மண்ணில் இறக்கிவிடுகிறது. கோடுகளின் மேல் நடந்து வரும் மூதாட்டிக்காக நிற்க மறுக்கிறது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை தெரிவிக்கிறது. அவர்களுள் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள் 74,897 பேர். நடந்து சென்றவர்கள் 32,825 பேர். அதாவது, மூவருள் ஏறத்தாழ இருவர் தம்மைச் சுற்றி ஒரு தகரக் கூடுகூட இல்லாத எளிய பயணிகள். அவ்வாண்டில் தமிழகத்தில் மட்டும் 17,884 பேர் இறந்தனர். வேகம், மது, மோசமான சாலை, தலைக்கவசம் அணியாமை எனக் காரணங்கள் பல. ஆயினும், ‘சிறிய வண்டிதானே ஒதுங்க வேண்டும்’ என்னும் எழுதாச் சட்டத்துக்கும் அவற்றுள் பங்கு உண்டு என்பதைச் சாலையில் நடந்து பார்த்த எவரும் அறிவர்.

இல்லங்களில் தொடங்குவோம்

தோற்றத்தைக் கண்டு மதிப்பிடும் இப்பழக்கம் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபையைக் கடந்து செல்வர் ஒருவர் சென்றார். அவரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று அண்ணலார் வினவ, அவர் பெண் கேட்டால் கொடுக்கப்படும், பரிந்துரைத்தால் ஏற்கப்படும், பேசினால் செவிமடுக்கப்படும் என்று தோழர்கள் விடை கூறினர். பின்னர் ஓர் ஏழை கடந்து சென்றார். அவருக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டாது என்றனர். முன்னவரைப் போன்றோர் பூமி நிறைய இருந்தாலும் அவர்களைவிட இவரே மேலானவர் என்று அண்ணலார் தெளிவுபடுத்திய செய்தி புகாரி நூலில் இடம்பெற்றுள்ளது. இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். ஆனால் நிக்காஹ் மண்டபத்தின் வாயிலில் நின்று கவனியுங்கள். பெரிய கார் வந்து நின்றால் நால்வர் ஓடிச் சென்று கதவைத் திறக்கிறார்கள். ஆட்டோவில் வந்து இறங்கும் பெரியம்மா, தம் பையையும் பேரனையும் தாமே இறக்கிக்கொண்டு, யாரும் வரவேற்காமல் உள்ளே செல்கிறார். அவர்தாம் மணமகளைத் தூக்கி வளர்த்தவராக இருப்பார்!

இந்த வாயில் மரியாதைக்காகவே கடன் வாங்கிக் கார் வாங்குவோர் உண்டு. மாப்பிள்ளைக்குக் கார் வேண்டும் என்று கேட்டு, பெண்ணைப் பெற்ற வாப்பாவை வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கச் செய்வோரும் உண்டு. சிவப்பு விளக்கில் பதினைந்து வினாடிகள் பிறர் நம்மைப் பொறுத்துக்கொள்வதற்காக, பத்தாண்டுகள் தவணை கட்ட வேண்டுமா? வசதி உடையோர் நல்ல காரை வாங்குவதில் குற்றமில்லை. குடும்பத்தின் பாதுகாப்புக்கு உறுதியான வண்டி வேண்டும் என்பதும் நியாயமே. அந்த வண்டி நம்மைச் சுமக்க வேண்டும். நம் மதிப்பையும் சேர்த்துச் சுமக்கும்படி அதனிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

சகோதரர்களே, சகோதரிகளே! காரின் பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை பாடப்புத்தகத்தைவிடக் கூர்மையாக நம்மைப் படித்துக்கொண்டிருக்கிறது. வாப்பா எந்த வண்டிக்கு ஹாரன் அடிக்கிறார், எந்த வண்டிக்கு அடிக்கவில்லை என்பதை அது கவனிக்கிறது. தள்ளுவண்டிக்காரரை அவர் என்ன சொல்லி விளிக்கிறார் என்பதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ‘ஓரமாப் போடா’ என்று நாம் கண்ணாடியை இறக்கிச் சொல்லும் ஒரு சொல், ஓராண்டு ஒழுக்கப் பாடத்தை அழித்துவிடும். அதே வாப்பா வண்டியை நிறுத்தி, கைகாட்டி ஒரு முதியவரைக் கடக்கச் செய்தால், அப்பிள்ளைக்கு அந்தப் பாடத்தைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. வேலைக்கு ஓட்டுநர் வைத்திருப்போர், “சீக்கிரம் போ, ஹாரனை அடி” என்று அவரை ஏவாமல் இருப்பதும் இதில் அடங்கும்.

நாமே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இன்று மாலை சாலையில் செல்லும்போது, ஹாரன் அடிக்கக் கை போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இதே இடத்தில், இதே தாமதத்துடன், முன்னால் நிற்பது மாவட்ட ஆட்சியரின் காராக இருந்தால் நான் அடிப்பேனா? அடிக்க மாட்டேன் என்று மனம் சொன்னால், கையை எடுத்துவிடுவோம். ஆட்சியருக்குக் கொடுக்க நம்மிடம் இருக்கும் பொறுமை, ஆட்டோக்காரருக்கும் கொடுக்க நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது.